அம்போஃபோ வாசித்த எச்சரிக்கைகள்

வியாழக்கிழமைகளில் மண்ணில் மண்வெட்டி படக்கூடாது என்பது எங்கள் ஊரான அசுவாசேயில் கட்டளை. அன்று பூமித்தாய் ஓய்வெடுக்கிறாள். ஓய்வெடுக்கும் அவள் முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, ஆணையிட்டுச் சொல்லப்படுகிறது இது: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. குறிப்பாக மருந்துப் பெட்டிகளின் எச்சரிக்கைகள். அவை அம்போஃபோ வாய்விட்டு வாசித்தபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தரப்பட்டுள்ளன. பொய் இருந்தால் சொன்னவன் வாயில் கரையான் புற்று கட்டட்டும்.

அம்போஃபோ மருந்துக்கடைக்காரர். ஊரார் அவரை டாக்டர் என்றே அழைப்பார்கள். கடையின் பெயர் 'கடவுள் தூங்குவதில்லை மருந்தகம்'. பெயர்ப்பலகையில் ஒரு கண்ணும் ஒரு மாத்திரையும் வரைந்திருக்கும். கண்ணைவிட மாத்திரை பெரிது. கடை, உரிமம், பலகை எல்லாமே தாய்மாமன் செத்தபோது அவருக்கு வந்தவை. எங்கள் பக்கத்தில் ஒருவன் செத்தால் அவன் சொத்து பிள்ளைகளுக்குப் போகாது. கூடப்பிறந்தவள் மகனுக்குப் போகும். சட்டம் இப்போது வேறு மாதிரி சொல்கிறதாம். சட்டத்தை டெச்சிமான் நகரச் சந்தை வரை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து அசுவாசேக்கு வரும் வண்டியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

ஆகவே அம்போஃபோவின் உயிர்மேல் இரண்டு பேருக்கு உண்மையான அக்கறை இருந்தது. மனைவி அஃப்ரகோமாவுக்கு அவர் சாகக் கூடாது. செத்தால் மறுநாளே அவளும் பிள்ளைகளும் சட்டிபானையோடு தெருவில் நிற்க வேண்டும். அக்காள் மகன் வெரெக்கோவுக்கு அவர் செத்தாக வேண்டும். வெரெக்கோவின் காதோரம் நரைத்துவிட்டது. என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "மருமகன்" என்பான்.

இந்த இழுபறியில் அம்போஃபோவின் இதயம் யார் பக்கமும் சேராமல் இருந்தது. பழைய தையல் இயந்திரம் போல அது ஓடும், நிற்கும், உதைத்தால் மறுபடி ஓடும். மாவட்ட ஆஸ்பத்திரியில் அதற்கு நீல மாத்திரை கொடுத்திருந்தார்கள். காலையில் அஃப்ரகோமா தம்ளருடன் வந்து எதிரில் நிற்பாள்.

"நிமாகோ அப்பா, முழுங்கியாச்சா?"

"முழுங்கியாச்சு."

"நாக்கத் தூக்குங்க."

தூக்குவார். அவள் குனிந்து, அடிநாக்கு வரை பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பார்க்கப் போவாள். ஊரில் இதை அன்பு என்றார்கள். வெரெக்கோ மட்டும் வேறு சொல் சொன்னான்.

அந்தக் காலத்தில் மருந்துகள் மானத்தோடு வாழ்ந்தன. பெட்டியின் ஓரத்தில் 'மூன்று நாளில் குணமாகாவிட்டால் மருத்துவரைப் பார்க்கவும்' என்ற ஒரே வரியோடு சரி. பிறகு தலைநகரில் யாருக்கோ தூக்கம் கெட்டுவிட்டது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் பழைய பெட்டிகளுக்குப் புது எச்சரிக்கைகளை அனுப்பத் தொடங்கியது. அவற்றைச் சுருள் சுருளாகப் பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவாள் ஜீஃபா என்ற இளம் அதிகாரி. வோல்ட்டா ஆற்றுப் பக்கத்துப் பெண்; பேச்சு வேகம், வண்டி அதைவிட வேகம். அவள் சரகத்தில் நூறு கடைகள் இருந்தன.

"எல்லாம் இதுலயே எழுதியிருக்கு, டாக்டர். இந்தச் சுருள் இந்தப் பெட்டிக்கு. ஒட்டுங்க, வாங்க வர்றவங்களுக்கு அவங்க பாஷையில படிச்சுக் காட்டுங்க. இது உத்தரவு."

"படிக்கிறேன் தாயி. படிக்கத்தானே நான் இருக்கேன்?"

அம்போஃபோ ஒட்டினார். அவர் ஒட்டுவதில் அழகு பார்க்க மாட்டார். சில சாய்ந்திருக்கும், சில தலைகீழாக இருக்கும். தலைகீழாக ஒட்டிய பெட்டியில் வீரியம் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அவர் மறுக்கவில்லை.

பிறகு படித்தார். கூரைமேல் அவருக்கு ஓர் ஒலிபெருக்கி இருந்தது. கண்ணாடியை மாட்டுவார், பெட்டியைக் கை நீட்டுகிற தூரத்தில் பிடிப்பார், தொண்டையைச் செருமுவார். சந்தையில் தக்காளி பொறுக்குகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். எழுத்து எறும்பின் கால் அளவு, மொழியோ ஆங்கிலம். ஊரில் பாதிப் பேருக்குக் கண் போதாது, மீதிப் பேருக்கு ஆங்கிலம் போதாது. அம்போஃபோ ஒட்டுத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு பாட்டுப் பாடும் நேரம் பேசுவார். ஆங்கிலம் எவ்வளவு சிக்கனமான மொழி என்று அசுவாசே வியந்தது.

முதலில் வந்தது அரிப்பு மாத்திரைக்கு.

"எச்சரிக்கை! இதைத் தின்னா தூக்கம் வரும். நின்னவன் உக்காருவான், உக்காந்தவன் சாய்வான், சாய்ஞ்சவனை நாய் நக்கினாலும் எந்திரிக்க மாட்டான்."

சொல்லி வாய் மூடுவதற்குள் வரிசை நின்றது. ஒருத்திக்கும் அரிப்பு இல்லை. அழுகிற குழந்தை இருந்தது, குறட்டை விடாத மாமியார் இருந்தாள். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கினார்கள்; பிரசங்கம் அந்த ஆண்டு யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

அம்போஃபோவுக்கு அன்று ஒரு ஞானம் பிறந்தது. மாமன் காலத்திலிருந்து குணம் சொல்லி விற்றபோது கடையில் ஈ இருந்தது. கேடு சொன்னதும் கூட்டம் வந்தது. எச்சரிக்கை இல்லாத மாத்திரையை மக்கள் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல ஒண்ணுமே இல்லையா டாக்டர்? சும்மா மாவா?" என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது மூச்சிரைப்புக்கான மஞ்சள் மாத்திரை.

"எச்சரிக்கை! உடம்பு ஊதும். உள்ள துணி பத்தாது. நாற்காலி பத்தாது."

கடைவாசலில் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் இடுப்பு இல்லாதவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அவள் தங்கையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள்.

"எந்த எடம் டாக்டர் ஊதும்?"

"நீ எந்த எடத்த நெனச்சு முழுங்குறியோ அந்த எடம்."

"எனக்கு ரெண்டு பக்கமும் வேணும்."

"அப்ப ரெண்டு வேளை."

அப்ராஃபி என்பவள் சிற்றுந்தின் கதவில் சிக்கிக்கொண்டாள்; கதவைக் கழற்றித்தான் இறக்கினார்கள். அவள் கதவோடு சந்தைக்குப் போய் வெங்காயம் வாங்கி வந்தாள். கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செர்வா என்ற பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. சீக்கிரம் ஊத வேண்டுமென்று கைப்பிடி கைப்பிடியாகத் தின்றாள். இடுப்பு அப்படியே இருந்தது. முகம் மட்டும் எழுந்து நிலா மாதிரி நின்றது, கண்கள் இரண்டு கோடு. அவளுடைய தாய் அவளை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"பாருங்க டாக்டர்! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்லயே திரும்பிப் போயிட்டாங்க!"

அம்போஃபோ கண்ணாடியை மாட்டி, பெட்டியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "ஊதும்னுதான் படிச்சேன். ஊதியிருக்கு. மாத்திரை சொன்ன சொல்லக் காப்பாத்திடுச்சு. நீ ஏம்மா தலைகீழா நின்னு முழுங்கின?"

வரிசை குலுங்கிச் சிரித்தது. செர்வாவும் சிரிக்கப் பார்த்தாள். அந்தக் கன்னங்களை வைத்துக்கொண்டு அது முடியவில்லை. அவளைக் குமாசி நகரத்தில் இருக்கும் ஒரு சித்திவீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிக்னலில் தண்ணீர்ப் பொட்டலம் விற்கிறாள் என்று கேள்வி. அங்கே அவளுடைய பழைய முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, பூச்சி மாத்திரை.

"எச்சரிக்கை! ஆம்பளைங்களுக்கு இடுப்புக்குக் கீழ அடுப்பு அணைஞ்சுடும். ஊதினாலும் பத்தாது."

அன்று வாங்கியவர்களில் ஓர் ஆண்கூட இல்லை. ஒவ்வொரு மனைவியும் துணியின் முடிச்சில் மறைத்து எடுத்துப்போய், கணவனின் சூப்பில் கரைத்தாள். ஊரில் வயிற்றுப்பூச்சி அடியோடு ஒழிந்தது. அடுத்த மழைக்காலத்தில் பிரசவம் பார்க்கும் நர்சம்மா வேலையில்லாமல் முந்திரித் தோட்டத்தில் கொட்டை பொறுக்கப் போனார்.

இப்படி எல்லாப் பெட்டிகளும் காலியாகி, மேல் பரணில் ஒரே ஒரு சரக்கு மிஞ்சியது. நெஞ்செரிச்சலுக்கான வெள்ளை மாத்திரை. வாயில் போட்டால் புதினா வாசனை வரும். மாமன் சாகும்முன் ஒவ்வொரு மாத்திரையாகக் கையில் வைத்துக் காட்டிச் சொல்லித் தந்தபோது, இதைக் காட்டிச் சிரித்திருந்தார்: "இது வெறும் சாக்கட்டிடா. குழந்தை தின்னாலும் ஒண்ணும் ஆகாது, பெரியவன் தின்னாலும் ஒண்ணும் ஆகாது." மிளகாயை அரைத்துச் சோறாகத் தின்கிற ஊரில் நெஞ்செரிச்சலை யாரும் நோய் என்று ஒப்புக்கொள்வதில்லை. பெட்டிகளில் ஒட்டடை படிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜீஃபா வந்தாள். மேற்கே வானம் கறுத்திருந்தது. அவள் வண்டியை அணைக்கக்கூட இல்லை.

"டாக்டர், இது புதினா மாத்திரைக்கு. இது ரொம்ப முக்கியம். கட்டாயம் படிச்சுக் காட்டுங்க, விட்டுடாதீங்க!"

"நான் எதையாச்சும் விட்டிருக்கேனா தாயி?"

மழை அவளைத் துரத்திக்கொண்டு போயிற்று. அம்போஃபோ ஒட்டடையைத் தட்டி, எல்லாப் பெட்டியிலும் ஒட்டினார். பெரும்பாலும் தலைகீழாக. மறுநாள் சந்தை நாள். கண்ணாடியை மாட்டினார். பரணில் இருந்த அளவைப் பார்த்தார். இவ்வளவு சரக்கும் போக வேண்டுமானால் சின்ன எச்சரிக்கை போதாது என்பது எவருக்கும் தெரியும்.

"எச்சரிக்கை! திடீர் மரணம் நேரலாம்."

அவ்வளவுதான் வாசித்தார். சந்தை அப்படி அமைதியானதை யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. ஒரு கோழி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அன்று அசுவாசேயில் எல்லோர் வீட்டிலும் எலி இருந்தது.

கடைசியாக வெரெக்கோ வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"மாமா, எனக்கும் எலித்தொல்லை."

அம்போஃபோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க? நீ இருக்குற எடத்துலயா?"

"குடும்ப வீட்டுல மாமா. கிழட்டு எலி. எல்லா ரூமையும் அதுதான் புடிச்சு வச்சிருக்கு."

"அடப் பாவமே. அந்த எலிக்குக் குடும்பம் உண்டா?"

"இருக்கு மாமா. ஆனா அதுங்களுக்குப் பாத்தியதை இல்ல."

அம்போஃபோ எழுந்து போய், தலைகீழாக ஒட்டியதாகப் பார்த்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். "இதக் கொண்டு போ. வீரியம் ஜாஸ்தி. எலிக்கு எதுல வச்சுக் குடுப்ப?"

"கஞ்சியில மாமா."

"நல்ல எலி. சூடாக் குடு."

மறுநாள் காலை வெரெக்கோ ஒரு தூக்குப் பாத்திரத்தில் கம்பங்கஞ்சியும் காராமணி வடையும் எடுத்துக்கொண்டு மாமன் வீட்டு வாசலில் நின்றான். இஞ்சியும் கிராம்பும் போட்ட கஞ்சி. அதற்கு மேலே புதினா வாசனை கொடி ஏற்றியிருந்தது.

"கஞ்சி ஒரு மாதிரி மணக்குதே மருமகனே."

"பாசம் மாமா."

அஃப்ரகோமா நீல மாத்திரையுடன் நின்றாள். அம்போஃபோ அதை வாயில் போட்டு, அந்தக் கஞ்சியாலேயே உள்ளே தள்ளினார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். வெரெக்கோவும் குனிந்து பார்த்தான். இருவருக்கும் திருப்தி.

அவன் போனதும் அஃப்ரகோமா இடுப்பில் கைவைத்தாள். "என்ன இது திடீர்ப் பாசம்?"

"என்னைக் கொல்றான்."

"எதை வச்சு?"

"சாக்கட்டிய வச்சு."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வழிய, தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிச் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததில்லை. "தின்னுங்க, நல்லாத் தின்னுங்க! அவன் கைக்காசு கரையட்டும்!" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு காலைகூடக் கஞ்சி தவறவில்லை. அம்போஃபோவுக்கு வாழ்நாளில் எவனும் அவ்வளவு மரியாதை காட்டியதில்லை.

வெரெக்கோ வேலையை ஒழுங்காகச் செய்கிறவன். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் சும்மா புதைத்துவிட்டு வருகிற காரியம் இல்லை. சனிக்கிழமை வேண்டும், பந்தல் வேண்டும், வாத்தியம் வேண்டும், சுவரொட்டி வேண்டும், குடும்ப வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். முந்திரி அறுவடை முடிந்த பருவத்தில் பந்தல்காரனிடம் ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி இருந்தது. வெரெக்கோ அதைப் பிடித்துவிட்டான். அடுத்து ஏணியைச் சாத்தி வீட்டுக்கு நீலவண்ணம் அடிக்கத் தொடங்கினான். பூச்சு வேலை நடக்கிற வீட்டைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் "என்ன விசேஷம்?" என்று கேட்பதில்லை, "யாரு?" என்பார்கள்.

"யாரு மருமகனே?" என்றார் அம்போஃபோ ஏணியடியில் நின்று.

"சும்மா அழகுக்கு மாமா. அப்புறம்… ஒரு போட்டோ எடுக்கணும். நல்ல துணி கட்டிக்கிட்டு உக்காருங்க."

"சிரிக்கணுமா?"

"லேசா. ரொம்பச் சந்தோஷமா இருந்தா ஜனம் அழாது."

சில நாள் கழித்து அளவு நாடாவோடு வந்தான். "உங்களுக்கு ஒரு கட்டில் செய்யச் சொல்லியிருக்கேன் மாமா."

"மூடி போட்டதா?"

"கொசு வராம இருக்க."

கடற்கரைப் பக்கத்தில் மீன் பிடித்தவனுக்கு மீன் உருவத்திலும், வண்டி ஓட்டியவனுக்கு வண்டி உருவத்திலும் சவப்பெட்டி செய்யும் தச்சர்கள் இருக்கிறார்கள். வெரெக்கோ மாமனின் தொழிலுக்குப் பொருத்தமாக ஒரு கேப்ஸ்யூல் செய்யச் சொல்லியிருந்தான். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. லாரியில் வந்து இறங்கியதும் அம்போஃபோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துப் பார்த்தார். "தலமாட்டுல இன்னும் கொஞ்சம் பஞ்சு வை" என்றார். வெரெக்கோ வைத்தான்.

ஆனால் மாமன் சாகவில்லை. சனிக்கிழமை நெருங்க நெருங்க வெரெக்கோவின் கன்னம் ஒட்டியது. ஒருநாள் சந்தை கலைந்த பிறகு கடைக்குள் வந்து பெட்டியை மேசைமேல் வைத்தான்.

"மாமா, இந்த மாத்திரை வேலை செய்யல."

"யாரு சொன்னது?"

"எலி சொல்லுது. கொழுத்துக்கிட்டே போகுது. ஏப்பம் விடுது."

"எவ்வளவு பெரிய எலி?"

வெரெக்கோ அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "உங்க அளவு இருக்கும்."

"அப்ப ஒண்ணு எப்படிப் பத்தும்? புத்தி இருக்கா உனக்கு? நாலு நாலாக் குடு. நல்லா இடிச்சு, கட்டியில்லாமக் கரைச்சுக் குடு." அம்போஃபோ பரணிலிருந்து இன்னும் இரண்டு பெட்டி இறக்கினார். "எலி கஞ்சிய மிச்சம் வைக்காமக் குடிக்கணும். நின்னு பாத்துட்டு வா."

"மாமா, உங்க மனசு யாருக்கும் வராது."

"என் சொந்த எலியா நெனச்சுச் சொல்றேன்."

கஞ்சி கெட்டியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அதைக் குடிக்க வேண்டியிருக்கவில்லை, மெல்ல வேண்டியிருந்தது. அம்போஃபோ மென்றார். ஆனால் அந்த நாட்களில் அவருக்கு வாசலிலிருந்து கடைவரை நடக்க மூச்சு போதவில்லை. பாதம் இரண்டும் வீங்கி, விரல்கள் உள்ளே போய்விட்டன. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே தூங்கினார்.

அஃப்ரகோமா நீல மாத்திரையை ஒருநாளும் தவறவிடவில்லை. "காலப் பாருங்க, கோக்கோ மூட்டை மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சனிக்கிழமை முடியட்டும்."

"என்ன சனிக்கிழமை?"

"என் எழவுடி. பந்தல் போட்டு, வாத்தியம் வச்சு, ஊரே உக்காந்திருக்கும்போது உள்ள நடந்து போகப் போறேன். அவன் மூஞ்சிய நான் பாக்கணும். இப்ப ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா அவன் மாத்திரை வேலை செஞ்சிடுச்சுன்னு ஊரு பேசும். என் கடைச் சரக்கு பொய்ன்னு நானே சொல்லிச் சிரிக்கணும். அது போதும் எனக்கு."

அவள் யோசித்தாள். அவளுக்கும் அந்த மூஞ்சியைப் பார்க்க ஆசை இருந்தது. "சரி, சனிக்கிழமை முடியட்டும்" என்றாள்.

வெரெக்கோவுக்கோ பின்வாங்க வழியில்லை. சுவரொட்டி அச்சாகிவிட்டது: லேசாகச் சிரிக்கும் மாமன், மேலே பெரிய எழுத்தில் 'என்ன ஓர் அதிர்ச்சி!' வியாழக்கிழமை அதை ஊர் முழுக்க ஒட்டினான். வெள்ளிக்கிழமைக் கஞ்சியில் பெட்டியில் இருந்ததையெல்லாம் கொட்டினான். மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சனிக்கிழமை கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பந்தலில் போய் நின்றான்.

ஊர் கூடியிருந்தது. துக்கத் துணிகளின் சிவப்பும் கறுப்புமாக நாற்காலிகள் நிறைந்திருந்தன. வாத்தியக்காரர்கள் ஒரு சோகத்தை முடித்து அடுத்த சோகத்துக்கு எச்சில் கூட்டிக்கொண்டிருந்தபோது, அம்போஃபோ நடந்து வந்தார். சிவப்புத் துணி கட்டியிருந்தார். முறைப்படி வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். சிலர் எழுந்து ஓடினார்கள். சிலர் கையைக் கொடுத்துவிட்டு, விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பகுதியில் பிணம் தன் காலிலேயே நடந்து வந்து சேர்ந்த எழவு அது ஒன்றுதான்.

அவர் கேப்ஸ்யூலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார்.

"எச்சரிக்கை!" என்றார். கூட்டம் அடங்கியது. "என் அக்கா மகன் இத்தனை நாளா எனக்கு விஷம் வச்சான். கஞ்சியில வச்சான். நானே வித்தேன், நானே தின்னேன். அது என்ன தெரியுமா? சாக்கட்டி! மருமகனே, உன் மாமன் வயித்துல இப்ப ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம்!"

பந்தல் கிழிகிற சிரிப்பு. வெரெக்கோவின் முகம் பழுத்த பப்பாளி விழுந்து உடைந்தது மாதிரி ஆயிற்று. அஃப்ரகோமா கைகொட்டினாள். எல்லோரையும்விட அம்போஃபோ அதிகமாகச் சிரித்தார். சிரித்து, குலுங்கி, மார்பில் கைவைத்து, வாயைத் திறந்தபடியே நாற்காலியில் சாய்ந்தார். அதுவும் வேடிக்கையின் பகுதி என்று வாத்தியக்காரர்கள் ஒரு துள்ளல் பாட்டை எடுத்தார்கள். பெண்கள் ஆடி வந்து, அவர் முகத்துக்கு நேரே வெள்ளைக் கைக்குட்டை வீசினார்கள். "எப்படி நடிக்கிறாரு பாரு!" என்றார்கள். ஊர்த்தலைவர் வீட்டிலிருந்து வந்தவர்கள்கூட எழுந்து ஆடினார்கள்.

வறுத்த கோழியும் சிவப்புச் சோறும் வந்தபிறகுதான் அஃப்ரகோமா ஆட்டத்தை நிறுத்தினாள். சோறு வந்தும் கை நீட்டாத அம்போஃபோவை அவள் அதுவரை பார்த்ததில்லை. அருகில் போனாள்.

"நிமாகோ அப்பா."

அவள் குனிந்தாள்.

"நாக்கத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. அவளே விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை. காலை மாத்திரையை அவர் ஒழுங்காக விழுங்கியிருந்தார்.

அன்று பந்தலில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவன் வெரெக்கோதான். நாள், பந்தல், வாத்தியம், சுவரொட்டி எல்லாம் அப்படிப் பொருந்தினால் யாருக்குத்தான் அழுகை வராது? பெட்டி மட்டும் கால்மாட்டில் பொருந்தவில்லை. அளவெடுத்தபோது இல்லாத வீக்கம். இரண்டு பேர் மூடிமேல் ஏறி உட்கார்ந்து, சிவப்புப் பாதியையும் வெள்ளைப் பாதியையும் ஒன்று சேர்த்தார்கள்.

விஷம் என்று செத்தவரே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்ததால் போலீஸ் வந்தது. மாத்திரையைச் சோதிக்க ஜீஃபாவை அழைத்து வந்தார்கள். கடைக்குள் எல்லோரும் நெருக்கியடித்தார்கள். அவள் பெட்டியை எடுத்தாள், நெற்றியைச் சுருக்கினாள், பெட்டியைத் திருப்பி நேராகப் பிடித்தாள். பிறகு ஒட்டுத்தாளை நிறுத்தி நிறுத்திப் படித்துப் பொருள் சொன்னாள்:

"எச்சரிக்கை. இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்க இதைச் சாப்பிடக் கூடாது. சேர்த்துச் சாப்பிட்டா இதய மாத்திரை வேலை செய்யாது. திடீர் மரணம் நேரலாம்."

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. "டாக்டர் படிச்சது அப்படியே இருக்கே!" என்றார் ஒருவர். "கடைசி வரி, ஒரு சொல்லு மாறல."

"முன்னாடி வரிய ஏன் விட்டாரு?"

"அது இதயம் கெட்டவனுக்கு. நமக்கு எதுக்குன்னு விட்டிருப்பாரு."

போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். உரிமம் பெற்ற கடையில் வாங்கிய மருந்து. எச்சரிக்கை ஊருக்கே கேட்கும்படி படிக்கப்பட்டிருக்கிறது. அளவைக் கூட்டச் சொன்னவரும் செத்தவரே. யார்மேல் எதை எழுதுவது? மிச்சமிருந்த சோற்றைக் கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெரெக்கோ அன்றே வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினான். நீலவண்ணம் இன்னும் விரலில் ஒட்டியது. "அத்தை, பானைய மட்டும் பாத்து எடுத்துட்டுப் போங்க, சுவத்துல இடிச்சுடாதீங்க" என்றான். பிறகு கடையில் போய் மாமனின் நாற்காலியில் உட்கார்ந்து, மாமனின் கண்ணாடியை மாட்டிப் பார்த்தான்.

அஃப்ரகோமா தெருவில் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டியுடன் நின்றார்கள். ஜீஃபா அந்தப் பெட்டியைக் கையில் வைத்தபடியே அவளிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்கே அக்கா. ஊருக்கெல்லாம் படிச்சுச் சொன்னவரு, தனக்குன்னு ஒரு தடவை முழுசாப் படிச்சிருக்கக் கூடாதா?"

அஃப்ரகோமா மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். சும்மாடு சரியாக உட்காரவில்லை. இறக்கி, மறுபடி சுற்றி, மறுபடி வைத்தாள். டெச்சிமான் சாலையில் நடக்கத் தொடங்கினாள்.

அம்போஃபோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.